டிடி (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸும் லைசென்ஸும்: ஊதும் இடத்திலிருந்து ஆர்.டி.ஓ. மேஜை வரை

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. காலை 5 மணிக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லரை எடுக்க வேண்டும். நடுவில் 7 மணி நேரம் இருக்கிறது. தூங்கி எழுந்து, குளித்து, டீ குடித்துவிட்டு வந்தால் தெளிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெளிவது வேறு, ரத்தத்தில் ஆல்கஹால் இறங்குவது வேறு. வடசென்னையில் லைசென்ஸை நம்பிப் பிழைக்கும் ஆட்டோக்காரரும், டேங்கர் ஓட்டுபவரும், காசிமேட்டில் மீன் லோடு அடிப்பவரும் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதனால் சட்டத்துக்கு முன்னால் கணக்கு.

கணக்கு

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 61 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் இதைக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் வரை ஏறும். உடம்பு இதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் எரிக்கும். சட்டம் அனுமதிக்கும் அளவு 30. 140-லிருந்து 30-க்கு இறங்க 7 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். முழுக்கப் பூஜ்யமாக 9 மணி நேரத்துக்கும் மேல். கல்லீரல் மெதுவாக வேலை செய்பவருக்கு மணிக்கு 10 மட்டும்தான் குறையும். அவர் 30-க்கு வர 11 மணி நேரம் ஆகும். எடை 50 கிலோ என்றால் ஆரம்பமே 180-ஐ ஒட்டி இருக்கும். பெண்களுக்கு அதே அளவு மதுவில் இன்னும் கூடுதலாக ஏறும்.

கட்டிங் போட்டால், அதாவது 90 மில்லி என்றால், 70 வரை ஏறி 30-க்கு வர மூன்று மணி நேரத்தை நெருங்கும். 650 மில்லி பீரில் 8 சதவீதம் இருந்தால் அது 41 கிராம். "பீர்தானே" என்று சொல்லும் அந்த ஒரு பாட்டில் கட்டிங்கை விடக் கனமானது. 30-க்குக் கீழே வர நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

இவை சராசரி மனிதனுக்கான தோராயம். இதை வைத்து "இன்னும் அரை மணி நேரம் இருந்தால் போதும்" என்று விளிம்பில் கணக்குப் போடக்கூடாது. வண்டி ஓட்டிப் பிழைப்பவர் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு இதுதான்: குவார்ட்டர் என்றால் கடைசி மடக்கிலிருந்து 12 மணி நேரம், கட்டிங் என்றால் 6 மணி நேரம். மறுநாள் அதிகாலை டூட்டி என்றால் அன்றிரவு வேண்டாம்.

மோர், எலுமிச்சை, ஊறுகாய், பிளாக் காபி, தலைக்குத் தண்ணீர், ஏலக்காய், வெற்றிலை எதுவும் இந்த எண்ணைக் குறைக்காது. போலீஸ் ஊதச் சொல்லும் மெஷின் (பிரெத் அனலைசர்) வாயின் வாசனையைப் பார்ப்பதில்லை. நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை அளக்கிறது. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்துவிட்டு "வீடு பத்து நிமிஷம்தான், ஏறுவதற்குள் போய்விடலாம்" என்று கிளம்புவது இன்னும் ஆபத்து. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அளவு உச்சத்தைத் தொடும். கிளம்பும்போது இருந்த நிதானம் மூலக்கடை சிக்னலில் இருக்காது.

சட்டம் சுருக்கமாக

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு மூன்று வருடத்துக்குள் நடந்தால்தான் "இரண்டாவது தடவை". இப்போது அந்த மூன்று வருட வரம்பு இல்லை. பத்து வருடம் கழித்து நடந்தாலும் அது இரண்டாவதுதான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதப் பட்டியல் வந்த பிறகுதான் சென்னையில் இந்தத் தொகை எல்லோருக்கும் உறைத்தது.

"ஓட்டும்போது" மட்டுமல்ல, "ஓட்ட முயலும்போது" என்றும் பிரிவில் இருக்கிறது. துறைமுக ஜீரோ கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கும் கன்டெய்னர் வரிசையில் குடித்துவிட்டு, முன்வண்டி நகர்ந்ததும் நாமும் பத்தடி நகர்த்தினால் அதுவும் பொது இடத்தில் ஓட்டியதுதான். அந்தக் காத்திருப்பு கொடுமையானது, கழிப்பறைக்கும் வழியில்லாமல் கிடப்பது எல்லாம் உண்மை. ஆனால் வழக்கில் அது உதவாது. எஞ்சினை அணைத்துச் சாவியைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினால் பிரிவு 185 வராது. சாவியைத் திருப்பினால் வரும்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் விடுவதில்லை. குடித்தவர் ஓட்டத் தெரிந்தே கூட ஏறியவர்மீது, குற்றத்துக்குத் துணைபோனதாகப் பிரிவு 188-ஐச் சேர்த்து வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. நண்பன் குடிக்காதவன் என்றால் அவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும்.

ஊதச் சொல்லும் இடத்தில்

சீருடையில் உள்ள காவலர், நீங்கள் குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். மறுப்பது தப்பு வழி. மறுத்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்ய பிரிவு 203 இடம் தருகிறது. சரியான காரணம் இல்லாமல் மறுத்ததை உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்குப் பிரிவு 205 இடம் தருகிறது. குடிக்காதவர் கோபத்தில் மறுத்துவிட்டு மாட்டிக்கொள்வது வருத்தமான விஷயம்.

ஊதுவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை உண்டு. பிளாஸ்டிக் குழல் புதிதா என்று பாருங்கள். உறையைப் பிரித்து மாட்டச் சொல்லலாம். மெஷினில் பூஜ்யம் காட்டிய பிறகு ஊதுங்கள். முன்னால் ஊதியவரின் மிச்சக் காற்று, கையில் தடவிய சானிட்டைசர் ஆவி இரண்டும் எண்ணை ஏற்றும். ஊதும்போது நிறுத்தி நிறுத்தி ஊதாமல், சத்தம் நிற்கும்வரை ஒரே மூச்சில் ஊதுங்கள். அரைகுறையாக ஊதினால் "சாம்பிள் போதவில்லை" என்று காட்டும். அதைச் சில காவலர்கள் மறுப்பு என்றே எழுதிவிடுவார்கள்.

குடிக்காமலே எண் ஏறுவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. இருமல் டானிக், மவுத்வாஷ், ஹோமியோபதிச் சொட்டு, அசோகாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், சிலவகை ஆஸ்துமா இன்ஹேலர். இவற்றின் ஆல்கஹால் வாயிலேயே தங்கி நிற்கும், நுரையீரலிலிருந்து வருவதில்லை. 15 நிமிடத்தில் வாயிலிருந்து போய்விடும். அதனால் சொல்ல வேண்டியது ஒரே வரி: "சார், இந்த மருந்து இப்போதான் சாப்பிட்டேன், வாய் கொப்பளிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதுறேன்." மருந்து பாட்டிலைக் காட்டுங்கள். முதல் எண் 60, இரண்டாவது பூஜ்யம் என்றால் அது வாய் ஆல்கஹால். முதல் எண் 60, இரண்டாவது 58 என்றால் ரத்தத்தில் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, மூச்சில் அசிட்டோன் வாடை வரும் நிலையிலும் பழைய வகை செமிகண்டக்டர் சென்சார் ஏமாறும். ஃபூயல் செல் வகை மெஷின் அதிகம் ஏமாறாது. பெயின்ட், தின்னர் வேலை முடித்து நேரே வருபவர்களும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பிரிண்ட் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். அதில் தேதி, மணி, மெஷின் எண், ரீடிங், வண்டி எண், உங்கள் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். கொடுக்க மறுத்தால் திரையைப் போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் இடம், மணி, காவலரின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயரை உடனே போனில் எழுதிவையுங்கள். சில மெஷின் 0.03 என்று காட்டும். அதுவும் 30 மில்லிகிராமும் ஒன்றே. காற்றளவில் லிட்டருக்கு 0.14 என்று காட்டும் மெஷினும் உண்டு. அதுவும் ஏறத்தாழ அதே அளவுதான். 0.14-ஐப் பார்த்து 140 என்று எழுதிவிட்டால் வழக்கே மாறிவிடும்.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரிவு 185 ஸ்பாட் ஃபைன் போட்டு முடிக்கக்கூடிய குற்றமே இல்லை. சமரசத் தொகை கட்டி முடிக்கும் பட்டியலான பிரிவு 200-ல் அது வரவில்லை. எந்த அதிகாரி ரோட்டில் பணம் வாங்கினாலும் அது அபராதம் ஆகாது.

வண்டியைப் பொறுத்தவரை, குடிக்காத ஒருவரை லைசென்ஸோடு வரவழைத்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி., பெர்மிட் இல்லாத வண்டியைப் பிடித்துவைக்கப் பிரிவு 207 இருக்கிறது. குடித்த குற்றத்துக்காக மட்டும் வண்டியை நாள் கணக்கில் வைத்திருக்கச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் வாதத்துக்குப் பயன்படும்.

கைது, மருத்துவமனை, ரத்தம்

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இது பிரிவு 202-ல் எழுதியிருக்கிறது. கைதான மணி எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று பிரிவு 203 சொல்கிறது. இந்த வாய்ப்பைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, கேளுங்கள். குற்றம் ஜாமீனில் விடக்கூடியது, ஜாமீன் உங்கள் உரிமை. வீட்டுக்குத் தகவல் சொல்ல வைப்பதும் உரிமை.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், அங்கே மருத்துவர் நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, கண் பார்த்துச் சான்று எழுதுவார். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை" என்று வருவதும் உண்டு. வாடை வீசியது, தள்ளாடினார், கண் விரிந்திருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே, பச்சுபாய் ஹசன்அலி காரியானி வழக்கில், சொல்லியிருக்கிறது. பிரிவு 185 கேட்பது எண். எண் இல்லாத சான்று மட்டும் இருந்தால் வழக்கறிஞர் முதலில் பிடிக்க வேண்டிய நூல் அதுதான்.

மெஷின் எண்ணை நீங்கள் மறுப்பதாக இருந்தால் ரத்தப் பரிசோதனையை நீங்களே எழுத்தில் கேளுங்கள். ரத்தம் எடுக்கும்போது ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக்கூடாது. ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நுண்ணுயிர் நொதித்து, இல்லாத ஆல்கஹால் உண்டாகும். குப்பியில் உங்கள் பெயர், மணி, முத்திரை இருக்க வேண்டும். மயிலாப்பூர் தடய அறிவியல் துறையிலிருந்து வரும் அறிக்கையில் முத்திரை உடையாமல் வந்ததா என்ற குறிப்பும் இருக்கும். பெண்ணுக்குப் பெண் மருத்துவர், அல்லது பெண் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டுமே ரத்தம் எடுக்கலாம். நேரம் தாமதமாகத் தாமதமாக எண் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் உண்மையிலேயே குடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை உங்களுக்கு எதிரான உறுதியான சாட்சியாகவே முடியும்.

கோர்ட்: 10,000 கட்டுவதற்கு முன்

சலானில் எந்த நீதிமன்றம் என்று இருக்கும்: ஜார்ஜ் டவுன், எழும்பூர், திருவொற்றியூர், அல்லது நடமாடும் நீதிமன்றம். போனவுடன் "ஒத்துக்கிறேன்" என்று சொல்லி, பணம் கட்டி, அரை நாளில் வேலைக்குத் திரும்புவதுதான் நடைமுறை. தப்பு நடந்திருந்தால் ஒப்புக்கொள்வது நேர்மையானது. ஆனால் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. பிரிவு 20(2)-ன்படி, 185-ல் தண்டிக்கும் நீதிமன்றம் குறைந்தது 6 மாதத் தகுதியிழப்பும், அதாவது வண்டி ஓட்டத் தடையும், விதிக்க வேண்டும். பணம் கட்டி முடித்துவிட்டோம் என்று நினைத்தவர் அடுத்த சோதனையில் "தகுதியிழந்த நிலையில் ஓட்டினார்" என்று மாட்டுவது இதனால்தான். அதற்குப் பிரிவு 182-ல் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆகவே தீர்ப்பு சொன்னதும் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தகுதியிழப்பு உண்டா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த வகை வண்டிகளுக்கு. தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள்.

கையில் 10,000 இல்லையென்றால் கந்துவட்டிக்கு ஓட வேண்டாம். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 30 நாள் தவணையோ, இரண்டு அல்லது மூன்று தவணைகளோ தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வாய்விட்டுக் கேட்க வேண்டும். கட்டாமல் ஒளிந்தால் வாரன்ட் வரும். சென்னையில் இப்படி நிலுவை வைத்தவர்களின் வண்டி உள்ளிட்ட உடைமைகளை ஜப்தி செய்ய 2023-ல் நீதிமன்ற வாரன்ட் பெறப்பட்டது.

வழக்கை நடத்துவது எப்போது பொருத்தம்? ரீடிங் 30-க்கு ஒட்டி 32, 35 என்று இருந்து மறுசோதனை தராதபோது. சீட்டில் மணியோ வண்டி எண்ணோ மாறியிருக்கும்போது. எண்ணே இல்லாமல் சான்று மட்டும் இருக்கும்போது. அல்லது அது இரண்டாவது வழக்காக எழுதப்பட்டிருக்கும்போது. ரீடிங் 150, சீட்டு சரி, வீடியோ இருக்கிறது என்றால் வழக்கை இழுப்பது வீண் செலவு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்கு அழைக்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணையக் குழு இருக்கிறது. காவலில் உள்ளவர், பெண்கள், பட்டியலினத்தவர், தொழிலாளர், வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு.

இந்தத் தண்டனை நியாயமா

குடித்துவிட்டு ஓட்டுவதைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் 40 அடி டிரெய்லரும் சைக்கிளும் ஒரே பாதையில் போகின்றன. குடித்த டிரைவரின் ஒரு நொடித் தாமதத்தில் போவது பெரும்பாலும் அந்தச் சைக்கிள்காரரின் உயிர். சிறு விபத்துதான், யாருக்கும் பெரிய சேதமில்லை என்பதற்காகச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு காவல்படை லாரி ஓட்டுநர் வழக்கில் சொன்னது சரியே. அதே தீர்ப்பில், அவருடைய 25 வருடச் சேவையைப் பார்த்து, பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றவும் செய்தது.

இந்த இரண்டாவது பாதிதான் நம் நடைமுறையில் காணாமல் போகிறது. 31 மில்லிகிராமுக்கும் 10,000, 230-க்கும் 10,000. மாதம் இரண்டு லட்சம் சம்பாதிப்பவருக்கு அது ஒரு செலவு. வாடகை ஆட்டோ ஓட்டுபவருக்கு இரண்டு மூன்று வாரச் சம்பாத்தியம். பின்லாந்தில் அபராதம் வருமானத்தின் அளவில் போடப்படுகிறது. பிரிட்டனில் குறைந்தது 12 மாதத் தடை என்று இருந்தாலும், நீதிமன்றம் அனுமதிக்கும் பயிற்சியை முடித்தால் தடைக்காலம் நான்கில் ஒரு பங்குவரை குறையும். இங்கே தொகை சட்டத்திலேயே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நியாயம் கேட்க இடமிருப்பது தொகையில் இல்லை. அளந்த விதத்தில், கொடுக்க வேண்டிய வாய்ப்புகளில், தகுதியிழப்பின் காலத்தில்தான் இருக்கிறது. அதில் முக்கியமான மேஜை ஆர்.டி.ஓ.வுடையது.

ஆர்.டி.ஓ. நோட்டீஸ்

பிரிவு 206(4)-ன்படி போலீஸ் லைசென்ஸை வாங்கி, அதைக் கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்பும். தண்டையார்பேட்டை என்றால் லைசென்ஸ் எண் டி.என்.03 என்று தொடங்கும், செங்குன்றம் என்றால் 18. லைசென்ஸை முடக்கும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை, லைசென்ஸ் அதிகாரிக்கே உண்டு. போலீஸ் தரும் ரசீதை வைத்து ஓட்டலாம் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். வேறு சில குற்றங்களுக்கு அது சரி. 185-க்கு 2019-லிருந்து அந்த ரசீது ஓட்டும் உரிமை தராது. டிஜிலாக்கர் படமும் தராது.

அதிகாரி பிரிவு 19(1அ)-ன்படி உங்களைக் கேட்ட பிறகு இரண்டில் ஒன்று செய்யலாம்: உங்களை விடுவிக்கலாம், அல்லது விரிவான காரணம் எழுதி முதல் தடவைக்கு 3 மாதத் தகுதியிழப்பு, மறுமுறைக்கு லைசென்ஸ் ரத்து. விடுவிக்கலாம் என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பதில் எழுதாதவருக்கு அது கிடைக்காது.

நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். இங்கேதான் வடசென்னைக்காரர்கள் நிறைய இழக்கிறார்கள். வாடகை வீடு மாறியிருப்பார்கள். கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ குடியமர்த்தப்பட்டிருப்பார்கள். லைசென்ஸில் பழைய தெருதான் இருக்கும். தபால் திரும்பிப் போகும், உத்தரவு ஒருதலையாக வரும். கேஸ் போட்ட அடுத்த வாரமே அலுவலகத்துக்கு நேரில் போய், இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் ஒரு கடிதத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

பதில் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"தங்கள் நோட்டீஸ் எண் ......, நாள் ...... கிடைக்கப்பெற்றேன். ...... அன்று இரவு ...... மணிக்கு ...... சந்திப்பில் எடுத்த மூச்சுப் பரிசோதனையில் ...... என்று பதிவானது. சீட்டின் நகல் இணைத்துள்ளேன் / எனக்குத் தரப்படவில்லை. மறுபரிசோதனை கேட்டேன், தரப்படவில்லை. ரத்த மாதிரி எடுக்கப்படவில்லை. ...... ஆண்டு முதல் உரிமம் வைத்திருக்கிறேன். இதற்கு முன் என்மீது விபத்து வழக்கோ, பிரிவு 185 வழக்கோ இல்லை. ஓட்டுநர் தொழிலே என் குடும்பத்தின் ஒரே வருமானம். பிரிவு 19(1அ)-ன்கீழ் என்னை நேரில் விசாரித்து, நடவடிக்கையிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்."

உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பொருந்தாத வரியை அடித்துவிடுங்கள். "குடிக்கவே இல்லை" என்று இங்கே எழுதிவிட்டு கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் இரண்டு மேஜையிலும் மதிப்புப் போகும். வழக்கு நிலுவையில் இருந்து, அதை நடத்தப் போகிறீர்கள் என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரி எதுவும் இதில் வரக்கூடாது; வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். இணைக்க வேண்டியவை: ரீடிங் சீட்டு, மருந்துச் சீட்டு இருந்தால் அது, முதலாளி அல்லது சங்கத்தின் கடிதம், பேட்ஜ் நகல், குடும்ப அட்டை. குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போயிருந்தால் அந்தச் சான்று. இது அதிகாரி மனதில் எடைபோடும் தாள்.

நேர் விசாரணைக்கு நிதானமாகப் போங்கள். புரோக்கர் வேண்டாம். "மூணு மாசத்தை ஒரு மாசமாக்கித் தர்றேன்" என்று வெளியே நிற்பவரால் முடியாது. முதல் குற்றத்துக்குச் சட்டம் சொல்லும் காலமே 3 மாதம்தான், அல்லது விடுவிப்பு.

உத்தரவு வந்தால் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. எந்த அதிகாரிக்கு என்பதை உத்தரவின் அடியில் பாருங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கிடைத்த தேதிக்குச் சாட்சியாகத் தபால் உறையை எறியாமல் வையுங்கள். காரணமே எழுதாமல் அச்சடித்த படிவத்தில் தேதி மட்டும் நிரப்பிய உத்தரவு, கேட்காமலே போட்ட உத்தரவு இரண்டும் மேல்முறையீட்டில் பலவீனமானவை. நீதிமன்றம் போட்ட தகுதியிழப்புக்கு வழி வேறு: தண்டனைக்கு மேல்முறையீடு இல்லாத வழக்கிலும், தகுதியிழப்பை மட்டும் மாற்றவோ நீக்கவோ மேல் நீதிமன்றத்துக்குப் பிரிவு 20(5) அதிகாரம் தருகிறது. ஆர்.டி.ஓ.வின் 3 மாதமும் கோர்ட்டின் 6 மாதமும் தனித்தனித் தேதிகளில் ஓடலாம். லைசென்ஸை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தால் அந்தத் தேதியைக் காட்டி, அதைக் கணக்கில் எடுக்க மாஜிஸ்திரேட்டிடம் தீர்ப்புக்கு முன்பே கேளுங்கள்.

தடைக்காலத்தில்

ஓட்டவே கூடாது. தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டி எடுப்பதும் அதில் அடக்கம். இந்தக் காலத்தில் விபத்து நடந்தால் அபராதத்தோடு போகாது. குடித்திருந்தாலோ, தகுதியிழந்திருந்தாலோ காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இப்போது சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கும் உத்தரவுகளும் வருகின்றன. சொந்த வண்டிச் சேதத்தில், மெஷின் எண் இல்லாவிட்டாலும் வேறு சாட்சிகளால் குடி தெரிந்தால் நிறுவனம் மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் சொல்லிவிட்டது. டிரெய்லர் முதலாளிகள் டூட்டிக்கு முன் தாங்களே ஒரு மெஷின் வாங்கி ஊதிப் பார்க்க வைப்பது இதனால்தான் லாபம். 30 இருந்தால் அனுப்பலாம் என்று வைக்காமல், பூஜ்யம் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அந்தத் தடைக்காலத்துக்கு வேலையை முன்கூட்டியே பேசி வையுங்கள்: அதே கம்பெனியில் யார்டு மேற்பார்வை, லோடிங் கணக்கு, கிளீனர் வேலை. முதலாளியிடம் மறைத்து ஓட்டி மாட்டினால் வேலையும் போகும், வழக்கும் இரண்டாகும்.

காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்த சான்று இருந்தால்தான் தருவார்கள் என்று பிரிவு 19 சொல்கிறது. எந்த மையம், எத்தனை நாள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடைக்காலத்தின் முதல் மாதத்திலேயே கேட்டு முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் அந்த நாட்களும் வருமானம் இல்லாமல் போகும். கையில் வாங்கிய பிறகு பரிவாஹன் சாரதி தளத்தில் எண்ணைப் போட்டு நிலை "செயலில்" என்று மாறியிருக்கிறதா, போக்குவரத்து வண்டி வகையும் மணலி டேங்கர்காரர்களுக்கு அபாயச் சரக்கு ஒப்புதலும் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டை கையில் இருந்தும் கம்ப்யூட்டரில் முடக்கம் எடுக்கப்படாமல் இருந்தால் அடுத்த சோதனையில் அந்தக் கம்ப்யூட்டர்தான் பேசும். ஆர்.டி.ஓ. விடுவித்த உத்தரவோ, கோர்ட் விடுதலைத் தீர்ப்போ கையில் இருந்தால் லேமினேஷன் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை வருடம் கழித்து வந்தாலும், அடுத்த வழக்கு முதலாவதா இரண்டாவதா என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது.